கிளிசரின் வேண்டாதவள்

பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். பட்டு வேட்டி. நெற்றியில் விபூதி. தாடையில் சவரம் செய்த இடத்தில் ஒரு சின்னக் கீறல்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு மின்மயானம் அது. பெஞ்சு போட்ட சின்ன ஹால். ஏ.சி. குளிர். ரோஜா வாசனையும் தரைக்குப் போட்ட பாலிஷ் வாசனையும் கலந்து வந்தது. இங்கே எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருக்கிறார்கள். நம் நேரம் முடியும்போது அடுத்த வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் ஐயர் வேகமாக மந்திரம் சொன்னார்.

சுவர் ஓரம் ஸ்டாண்டில் ஒரு கேமரா இருந்தது. பக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஆள். ஊரில் இருப்பவர்கள் போனில் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. சென்னையில் என் பெரிய நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்த அக்கா. இப்போது எழுந்து நடக்க முடியாது. தம்பி முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்தேன். அதற்கும் அவர் முகத்துக்கும் நடுவில் என் தோள் இருந்தது. நகர்ந்தேன். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். இப்போது வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. என் முகத்திலும் விழுந்தது. முந்தானையைச் சரி செய்தேன். மறுபடி அழுதேன்.

எதிரே என் மகள் சுதா நின்றாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். அப்போது நாங்கள் எல்லோரும் சிட்னியில் கிரவீன் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். வந்தவர்கள் போன பிறகு சுதா சமையலறைத் தொட்டியில் டம்ளர்களைக் கழுவினாள். நான் துடைத்து வைத்தேன்.

"அம்மா, அங்கயுமா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அழுதுட்டு இருந்தே. கேமராவைப் பாத்தே. அழுகைய நிறுத்தினே. லைட் இருக்கற பக்கம் போய் நின்னே. திரும்ப அழுதே. படுத்திருந்தது அப்பா. அது செட் இல்ல."

கண்ணீர்தான் வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெயர் எழுதாத நாற்காலி

பத்திரிகையில் என்னுடைய இந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். கிளிசரின் போடாமல் எப்படி அழுதீர்கள்? சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா நாடகக் கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்தவர். கம்பெனி படுத்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் வந்தார். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா என்னை அழைத்துப் போனார்.

டைரக்டர் அழச் சொன்னார். அழுதேன்.

"கிளிசரின் போட்டீங்களா?" என்று மேக்கப்காரரைக் கேட்டார். அவர் இல்லை என்றார்.

"அப்ப வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான் பரீட்சை.

அழும்போது நான் எதையும் நினைக்க மாட்டேன். செத்த தம்பியை நினைப்பேன், பட்ட கஷ்டத்தை நினைப்பேன் என்று சில பேர் பேட்டியில் சொல்வார்கள். நான் மூச்சைத் தொண்டையில் நிறுத்துவேன். இமைக்காமல் விளக்கைப் பார்ப்பேன். தண்ணீர் வரும். தச்சர் இழைப்புளி போடுகிற மாதிரி அது ஒரு வேலை.

மாதச் சம்பளம் என்றால் நாம் ஸ்டுடியோவின் ஆள். வெளியே நடிக்கக் கூடாது. காலையில் வேன் வரும். எந்தப் படப்பிடிப்பு ஃப்ளோரில் இறக்குகிறார்களோ அங்கே போக வேண்டும். காலையில் அரண்மனையில் ராஜமாதா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த ஃப்ளோரில் குடிசையில் இருமிக்கொண்டு கிடப்பேன். நகையைக் கழற்றி வைத்துவிட்டு இருமப் போக வேண்டும்.

கதாநாயகிக்குப் பெயர் எழுதின நாற்காலி உண்டு. ஜூனியர் பெண்களுக்கு நாற்காலியே கிடையாது. தட்டிக்குப் பின்னால் தரையில் உட்காருவார்கள். எனக்கு நாற்காலி உண்டு. பெயர் கிடையாது. பெரியவர் யாராவது வந்தால் எழுந்து கொடுத்துவிட வேண்டும். கொடுத்திருக்கிறேன். அது பெரிய வருத்தமாக எனக்கு அப்போது தெரியவில்லை.

இருபத்திரண்டு வயதில் அம்மா ஆனேன். படத்தில்தான். காதோரம் வெள்ளை தீட்டினார்கள். கதாநாயகர் என்னைவிட எவ்வளவோ மூத்தவர். ஷாட்டில் "அம்மா" என்று காலில் விழுவார். கட் சொன்னதும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "தங்கச்சி, உன் மருதாணி நல்லா பிடிச்சிருக்கு, கேமராவுல தெரிஞ்சிடப் போகுது" என்பார். பெற்ற பிள்ளையே தங்கச்சி என்று கூப்பிடுகிற வேலை அது.

பாதி நேரம் எதிரில் ஆளும் இருக்காது. பெரிய நடிகர்கள் அவர்கள் பங்கை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் முகத்தைத் தனியாக எடுப்பார்கள். அசிஸ்டண்ட் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் முஷ்டியைத் தூக்கிப் பிடிப்பார். "இதுதான்மா உங்க மகன். ஜெயிலுக்குப் போறான். பாருங்க." முஷ்டியைப் பார்த்து அழுவேன். "இப்ப திரும்பி வர்றான்." முஷ்டி இந்தப் பக்கம் வரும். சிரித்துக்கொண்டே அழ வேண்டும்.

மறைக்காதே

சேர்ந்த புதிதில் ஒரு சாவுக் காட்சி. கதாநாயகர் கட்டிலில் கிடக்கிறார். நான் தாய். அவர் மேல் விழுந்து புரண்டு அழுதேன். நல்ல அழுகை. லைட்டுக்காரர்கள் கூட மேலே அசையாமல் நின்றார்கள்.

கட் ஆனதும் கேமராமேன் இறங்கி வந்தார். வயதானவர். கழுத்தில் எப்போதும் துண்டு. யாரையும் திட்ட மாட்டார்.

"ஜனங்க காசு குடுத்து யாரப் பாக்க வர்றாங்க?"

"அவரைத்தான்."

"அவர் முகம் எங்க?"

எனக்குக் கீழே இருந்தது.

"நீ எவ்வளவு வேணா அழு. சாகறவன் முகத்தை மறைக்காதே" என்றார். சாக்பீஸ் எடுத்தார். கேமராவிலிருந்து கட்டில் வரைக்கும் தரையில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டுக்குள்ள உன் தோள் வரக் கூடாது. தெரியாம வந்துட்டா, அழுகைய நிறுத்திட்டு நகரு. நகர்ந்துட்டு அழு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அதற்குப் பிறகு கோடு போடத் தேவைப்படவில்லை. எந்த இடத்தில் நின்றாலும் கேமரா எங்கே என்று கண் தானாகப் போகும். என் முகம் நன்றாக விழ வேண்டும் என்பதற்காக இல்லை. யாரை மறைக்கிறேன் என்று பார்ப்பதற்காக. துணை நடிகைக்கு அதுதான் முதல் பாடம். நான் கடைசிவரை வேலையில் இருந்ததற்கு என் அழுகை பாதிக் காரணம். நகர்ந்து கொடுத்தது மீதிக் காரணம்.

மயானத்திலும் அதைத்தான் செய்தேன். மறுநாள் சென்னையிலிருந்து நாத்தனார் அக்கா போன் செய்தார். தம்பி தூங்குகிற மாதிரி இருந்தான், தாடையில் கீறல் கூடத் தெரிந்தது என்று சொன்னார்.

இதைச் சுதாவிடம் சொல்லியிருக்கலாம். நடிகை சொல்கிற காரணம் எல்லாம் வசனம் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கறுப்புக் கண்ணீர்

என் வீட்டுக்காரர் அதே ஸ்டுடியோவில் லேபில் வேலை பார்த்தார். ஃபிலிம் கழுவுகிற வேலை. அவர் சட்டையை எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் ஃபிலிம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் நெடி போகாது. பின்னால் சுதாவோடு இருக்கச் சிட்னிக்கு வந்து பல வருஷம் ஆன பிறகும் மழை நாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு அந்த நெடி வரும். நிஜமா, என் மூக்கின் பழக்கமா, தெரியாது.

கேண்டீனில் ஒரு நாள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உங்களை இந்தக் கலர்ல பாக்கறது இன்னைக்குத்தான்" என்றார்.

என்ன என்று கேட்டேன். அவர் பார்ப்பது எல்லாம் நெகடிவ். அதில் முகம் கறுப்பு. தலைமுடி வெள்ளை. பொட்டு வெள்ளை. "கண்ணீர் கறுப்பா விழும். வேற யாருக்கும் அவ்வளவு கறுப்பா விழாது. கிளிசரின் கொஞ்சம் மங்கலா இருக்கும்" என்றார்.

பிறகு தட்டில் இருந்த வடையைச் சாப்பிட்டார். அவரும் என்னைப் போலத்தான். பேச்சு குறைவு. வடபழனியில் கல்யாணம் நடந்தது.

சுதா பிறந்த பிறகும் நான் வேலையை விடவில்லை. மாதச் சம்பளம் எல்லாம் அப்போது போய்விட்டது. யார் கூப்பிட்டாலும் போக வேண்டிய காலம். மைசூர், ஊட்டி, ஹைதராபாத் என்று அவுட்டோர் வரும். அவருக்கு லேபில் காலை ஷிப்ட். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். சுதாவுக்குச் சோறு ஊட்டினது அவர். ஜடை போட்டுவிட்டது அவர். கோணல் வகிடு எடுப்பார். பள்ளிக்கூட போட்டோவில் இன்றும் அந்த வகிடு இருக்கிறது.

மேட்னி

படத்தில் நான் நிறைய தடவை செத்திருக்கிறேன். பிணமாக நடித்தால் ஒரு வழக்கம் உண்டு. காட்சி முடிந்ததும் கேமராவை ஓட விட்டுச் சிரிக்கச் சொல்வார்கள். எழுந்து உட்கார்ந்து சிரிக்க வேண்டும். பூசணிக்காய் உடைப்பார்கள். சிரிக்காமல் வீட்டுக்குப் போனால் ஆகாது என்பார்கள்.

அந்தச் சிரிப்புத் துண்டு படத்தில் வராது. வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

சுதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூன்று பேரும் ஒரு மேட்னிக்குப் போனோம். அழைத்துப் போனது தப்பு என்று பிறகு தெரிந்தது. திரையில் நான் கிணற்றடியில் விழுந்து செத்தேன். சுதா வீறிட்டாள். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அவளை இழுத்து அணைத்து, "அம்மா இங்கதான்டி இருக்கேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். என் கையைத் தள்ளிவிட்டு அப்பா மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் என் கண் கலங்கினால் கிட்டே வந்து உற்றுப் பார்ப்பாள். "இது நிஜமாம்மா?" என்பாள். முதலில் கேள்வியாகத்தான் கேட்டாள். பெரியவளான பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இதில் எனக்கு மனவருத்தம் உண்டு. வேலைக்குப் போனதற்காக இல்லை. போகாவிட்டால் அடுப்பு எரிந்திருக்காது. வேலையில் எனக்கு வசனம் குறைவு. ஒரு படத்துக்கு ஐந்தாறு வரி. மீதி அழுகை. வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன். கோபம் வந்தால் அழுவேன். பதில் தெரியாவிட்டால் அழுவேன். அவள் வார்த்தை கேட்ட இடத்தில் எல்லாம் நான் அழுகையைக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில்

சிட்னியில் என் வீட்டுக்காரருக்கு இதயம் வீங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொஞ்சம் தேறினார். டாக்டர் பயமில்லை என்ற தைரியத்தில் சுதா ஆபீஸ் வேலையாக மெல்போர்ன் போனாள். அன்றே திரும்பி வருவதாக ஏற்பாடு.

மத்தியானம். டி.வி.யில் சத்தமில்லாமல் கிரிக்கெட் ஓடியது. அவர் கொஞ்சம் தயிர் சாதம் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார்.

"கால் கட்டை விரல் ஊறுது" என்றார்.

போர்வையை விலக்கிச் சொறிந்து விட்டேன்.

"அங்க இல்ல. கீழ."

கீழே சொறிந்தேன்.

"ஆங்" என்றார்.

அவ்வளவுதான். நான் சொறிந்துகொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து பார்த்தாள். என் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

சுதா விமானத்தில் இருந்தாள். இறங்கி நேரே ஓடி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னார்?"

நான் எத்தனை சாவு செத்திருக்கிறேன். எத்தனை பேரை மடியில் போட்டுச் சாக விட்டிருக்கிறேன். ஒருவர் கூட வசனம் இல்லாமல் செத்ததில்லை. "என் பெண்ணைக் கைவிட்டுடாதே." "அவளை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடு." பத்து வசனம் எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் மேல் அதை ஏற்ற மனம் வரவில்லை. அவர் சொன்னதைச் சொல்லவும் வாய் வரவில்லை. உயிருக்கு உயிரான மகள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விரல் ஊறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இதை எப்படி அவளிடம் கொடுப்பது?

அழுதேன்.

அவள் காத்திருந்தாள். நான் நிறுத்தவில்லை. பிறகு அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்து மயானத்தில் அந்தக் கேமரா.

சென்னையிலிருந்து அக்காவும் கேட்டார். தம்பி என்ன சொன்னான்? அவருக்கும் அழுகைதான். நான் அழுதால் அவரும் அழுவார். அழுது முடித்து இரண்டு பேரும் போனை வைப்போம்.

செவன் ஹில்ஸ்

சில மாதத்தில் மருமகனுக்கு மெல்போர்னில் வேலை மாறியது. அங்கே கிரெய்கிபர்னில் வீடு வாங்கினார்கள். "நீயும் வாம்மா" என்று சுதா ஒரு தடவை சொன்னாள். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாள். நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். இன்னொரு தடவை அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் கொஞ்சம் காத்திருந்தேன்.

சிட்னியிலேயே செவன் ஹில்ஸில் பரமேஸ் என்கிற யாழ்ப்பாணத்து அம்மாள் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறேன். அவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவார். முதல் நாள் கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் அந்தக் கிணத்தடியில செத்த ஆள் எல்லே?"

ஆமாம் என்றேன்.

"சின்னப் பிள்ளையில யாழ்ப்பாணத்துத் தியேட்டரில உங்களுக்காக அழுதனான். படம் பாத்த ரிக்கற் காசை உங்கட வாடகையோட சேர்த்து வாங்குவன்."

அப்படித்தான் சிநேகம் ஆனது. சமையலறையில், அவர் பாஷையில் குசினியில், இரண்டு நாற்காலி போட்டு வெங்காயம் உரிப்போம். என் கண்ணில் தண்ணீர் வந்தால், "இங்க கேமரா இல்லை, கெதியா உரியுங்கோ" என்று அவசரப்படுத்துவார். சுதா சொன்னால் குத்துகிற அதே பேச்சு, இவர் சொன்னால் சிரிப்பு வரும்.

ஒரு நாள் விரல் விஷயத்தைப் பரமேசிடம் சொன்னேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அதனால் சொல்ல முடிந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "மனுசன் சுகமாத்தான் போயிருக்குது, அக்கா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

"மகளுக்குச் சொன்னனீங்களோ?"

இல்லை என்றேன். சிரிப்பை நிறுத்தினார்.

"நீங்கள் செத்த படம் முழுக்க அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தகப்பன் செத்தது தெரியாது."

வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அன்று போன் எடுத்தேன். சுதா மீட்டிங்கில் இருந்தாள். பிறகு அவளே கூப்பிட்டாள். நான் உடம்பு எப்படி என்று கேட்டு வைத்துவிட்டேன்.

போன மார்கழியில் என் நாத்தனார் அக்காவும் சென்னையில் காலமானார்.

கிரெய்கிபர்ன்

இந்த வருஷம் அவர் திதிக்கு மெல்போர்ன் வரச் சொல்லி சுதா டிக்கெட் அனுப்பினாள். போனேன். பரமேஸ் முறுக்கு கட்டிக் கொடுத்தார்.

கிரெய்கிபர்னில் எல்லாம் புது வீடு. மரம் இன்னும் வளரவில்லை. குச்சியில் கட்டி வைத்திருக்கிறார்கள். காற்று மட்டும் பெரியது. சுதா நல்லபடியாகக் கவனித்தாள். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போர்வை போதுமா என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

திதி அன்று யாரும் போன் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வீடியோ கிடையாது. ஐயர் பிண்டம் வைக்கச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வரவழைக்கவும் இல்லை. சுதா ஓரக்கண்ணால் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். கேமரா இல்லை, அதனால் அழுகை இல்லை.

மறுநாள் காலை என்னை ஏர்போர்ட்டில் விட அவளே வண்டி ஓட்டினாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனோம். காய்ந்த புல். பெரிய பெரிய ஷெட்டுகள். வண்டியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

"அம்மா."

"ம்."

"அப்பா கடைசியா என்ன சொன்னார்? அழாம சொல்லு. அழுதேன்னா இங்கயே இறக்கி விட்டுடுவேன்."

மூச்சு தொண்டைக்கு வந்தது. விட்டேன். இமைத்தேன்.

"கால் கட்டை விரல் ஊறுதுன்னார். சொறிஞ்சு விட்டேன். அங்க இல்ல, கீழன்னார். கீழ சொறிஞ்சேன். ஆங்ன்னார். அவ்வளவுதான்."

ஒரு பாலம் போயிற்று. இன்னொரு பாலம் போயிற்று.

"எந்தக் கால்?"

"இடது."

பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது. அதற்குள் திருப்பி ஓரமாக நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள்.

"அது நான் உடைச்ச விரல்."

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். நாலாம் வகுப்பு படிக்கும்போது இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்திருக்கிறாள். பெட்டி மேஜையிலிருந்து அவர் காலில் விழுந்தது. நகம் பெயர்ந்து, விரல் வீங்கி, நடக்க முடியாமல் கிடந்திருக்கிறார். நான் ஊட்டியில் அவுட்டோரில் இருந்தேன். திரும்பி வந்தபோது நிலைப்படியில் இடித்துக்கொண்டேன் என்று என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். மஞ்சள் பற்றுப் போடச் சொல்லிவிட்டு மறுநாள் வேனில் ஏறிப் போய்விட்டேன்.

குளிர் நாளில் அந்த விரல் ஊறுமாம். காலை நீட்டி, "ஏய் குற்றவாளி, வந்து தண்டனைய அனுபவி" என்பாராம். அவள் சொறிவாள். "அங்க இல்ல, கீழ" என்பாராம். எப்போதும் அதையே சொல்வாராம். கிரவீன் வீட்டுக் கொல்லையிலும் சாயங்காலத்தில் இது நடந்திருக்கிறது. நான் உள்ளே இருந்திருப்பேன்.

"எனக்குத் தெரியாதே" என்றேன்.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான். நீ திட்டுவேன்னு பயந்தேன். அப்புறம் அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்துடுச்சு."

ஊட்டியில் அப்போது எந்தப் படம் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. யாருக்கோ அம்மா.

"இதச் சொல்றதுக்கா ரெண்டு வருஷம்?"

"உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியேன்னு நினைச்சேன்."

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். சத்தம் வராத அழுகை. தோள் மட்டும் அசைந்தது. அப்படி ஒரு அழுகையை நான் எந்தப் படத்திலும் அழுததில்லை. என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. கைப்பையில் டிஷ்யூ இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"நல்லா சொறிஞ்சு விட்டியா?" என்று கேட்டாள்.

"விட்டேன். நர்ஸ் வந்து கைய எடுக்கற வரைக்கும்."

தலையாட்டினாள். வண்டியை எடுத்தாள். பிறகு கேட்டுக்கொண்டே வந்தாள். என்ன சாப்பிட்டார்? தயிர் சாதம். முழுசாவா? பாதி. டி.வி.யில் என்ன? கிரிக்கெட். யார் விளையாடினார்கள்? எனக்குத் தெரியாது. கால் ஜில்லென்று இருந்ததா? இல்லை, சூடாகத்தான் இருந்தது. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். என் வாழ்நாளில் அவளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. மயானத்தில் ஏன் நகர்ந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏர்போர்ட் வந்தது. ஆட்களை இறக்கி விடுகிற இடத்தில் ரொம்ப நேரம் நிற்க விடமாட்டார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஆள் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சுதா இறங்கிப் பின்னால் போய் என் பெட்டியை எடுத்தாள். கைப்பிடியை இழுத்து நீட்டினாள். கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"சென்னை அத்தை போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல."

"கேட்டாங்களா?"

"போன் பண்ணும்போதெல்லாம்."

மஞ்சள் சட்டைக்காரர் எங்களை நோக்கி வந்தார். சுதா கைப்பிடியை என் கையில் வைத்தாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.